பந்து காலில் இல்லாத நேரம்: வாசகர் கேள்வி பதில்

கத்தாரில் 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியைப் பற்றி இன்னமும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 64 ஆட்டங்களில் 172 கோல்கள் விழுந்தன. அதற்கு முன் எந்த உலகக் கோப்பையிலும் இத்தனை கோல்கள் விழுந்ததில்லை. ஆனாலும் கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பது, நம்பிய அணி ஏன் தோற்றது, யாரும் நம்பாத அணி எப்படி வென்றது என்பதைத்தான். அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன்.

கேள்வி: அர்ஜென்டினாவை சவுதி அரேபியா வென்றதை அதிர்ஷ்டம் என்றே என் நண்பர்கள் சொல்கிறார்கள். அர்ஜென்டினா ஒரு கோல் அடித்தபின் மேலும் மூன்று முறை பந்தை வலைக்குள் அடித்தும் ஆஃப்சைடு (பந்து உதைபடும் கணத்தில் எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி முன்னே நிற்பது) என்று கோல் மறுக்கப்பட்டது. அரை அடி முன்பின்னாக இருந்திருந்தால் முதல் பாதியிலேயே 4-0 ஆகியிருக்கும் அல்லவா?

பதில்: நவம்பர் 22 அன்று லுசைல் மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தை நான் மூன்று முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். முதல் முறை எனக்கும் உங்கள் நண்பர்களுக்குத் தோன்றியதே தோன்றியது. இரண்டாம் முறை பந்தைப் பின்தொடராமல் சவுதியின் பின்வரிசை வீரர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த ஆட்டம் எனக்குப் பிடிபட்டது. தங்கள் கோலை விட்டு வெகுதூரம் முன்னேறி, நடுக்கோட்டுக்குச் சற்றே பின்னால், நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் அவர்கள் நின்றார்கள். அர்ஜென்டினா வீரர் பந்தை நீளமாகத் தள்ளிவிடத் தலை நிமிரும் கணத்தில் அந்த வரிசை முழுவதும் சேர்ந்தாற்போல ஓர் அடி முன்னே வந்தது. அந்த ஓர் அடியில்தான் அர்ஜென்டினாவின் முன்வரிசை வீரர் லவுத்தாரோ மார்ட்டினெஸின் தோள் ஆஃப்சைடு ஆனது. முதல் பாதியில் மட்டும் 7 முறை அர்ஜென்டினா இப்படிச் சிக்கியது. ஒரு முறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஏழு முறை நடந்தால் அது பயிற்சி.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கத்தாரில் மைதானக் கூரையின் கீழ் பொருத்தப்பட்ட 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கணக்கெடுத்தன. பந்துக்குள் இருந்த உணரி, அது உதைபட்ட கணத்தை நொடிக்கு 500 முறை என்ற துல்லியத்தில் தெரிவித்தது. துணை நடுவரின் கண்ணை மட்டும் நம்பிய காலத்தில் இவ்வளவு முன்னேறி நிற்பது தற்கொலைக்குச் சமம், ஏனென்றால் நூலிழை ஆஃப்சைடுகளில் பாதி கண்ணுக்குத் தப்பிவிடும். இங்கே நூலிழையும் தப்பாது. அந்தத் துணிவுக்கு இடம் இருந்தது என்பது என் கருத்து.

இடைவேளைக்குப் பிறகு 48-ஆம் நிமிடத்தில் சலே அல் ஷெஹ்ரி கோல் அடித்தார். 53-ஆம் நிமிடத்தில் சலேம் அல் தவ்சரி, பெனால்டி பகுதியின் இடது ஓரத்தில் பந்தை வாங்கி, உடம்பைத் திருப்பி, தன்னைச் சூழ்ந்தவர்களுக்கு இடையே வலக்காலுக்கு ஓர் அங்குல இடம் கண்டு அடித்த பந்து, அர்ஜென்டினாவின் கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸின் விரல்களை உரசிக்கொண்டு தூரத்து மூலையில் விழுந்தது. சவுதி கோலை நோக்கி அடித்தது மொத்தமே மூன்று முறை. அவற்றில் இரண்டு கோல். அதன்பின் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள். 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணியை அப்படி நிறுத்திவைத்ததற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் சொல்வது, அந்தப் பின்வரிசை வீரர்களின் உழைப்பைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவதாகும்.

கேள்வி: அப்படியானால் அதே சவுதி அணி குழுவில் கடைசி இடம் பிடித்தது ஏன்?

பதில்: விலை கொடுத்து வென்றார்கள். அதே ஆட்டத்தில் கேப்டன் சல்மான் அல் ஃபராஜ் காயத்தால் முதல் பாதியிலேயே வெளியேறினார். இறுதி நிமிடங்களில் யாசர் அல் ஷஹ்ரானி சொந்த கோல்கீப்பருடன் மோதிப் பலத்த காயமடைந்தார். போலந்துக்கு எதிரான ஆட்டத்தில் 0-1 என்று பின்தங்கியிருந்தபோது கிடைத்த பெனால்டியை அல் தவ்சரி அடிக்க, போலந்தின் கோல்கீப்பர் ஷ்செஸ்னி அதைத் தடுத்தார். தெறித்து வந்த பந்தை இன்னொருவர் அடிக்க, அதையும் தடுத்தார். அந்த இரண்டு நொடிகளில் சவுதியின் உலகக் கோப்பை திசை மாறிவிட்டது. போலந்திடம் 0-2, மெக்சிகோவிடம் 1-2. ஆனால் முதல் ஆட்டத்தின் மதிப்பை அடுத்த இரண்டு தோல்விகள் குறைத்துவிடுவதாக நான் நினைக்கவில்லை.

கேள்வி: அந்தத் தோல்விக்குப் பிறகு அர்ஜென்டினா கோப்பையையே வென்றதற்கு மெஸ்ஸி ஒருவரே காரணம் என்பது சரியா?

பதில்: மெஸ்ஸி 7 கோல்கள் அடித்தார், தொடரின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தையும் பெற்றார், அவர் இல்லாமல் இந்தக் கோப்பை இல்லை. எனினும் தோல்விக்குப் பிறகு பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி செய்த மாற்றங்களைப் பாருங்கள். அடுத்து வந்த மெக்சிகோ ஆட்டத்தில் தொடக்க அணியில் ஐந்து பேரை மாற்றினார். அலெக்சிஸ் மக் அலிஸ்டர் உள்ளே வந்தார். மாற்று வீரராக இறங்கிய என்சோ ஃபெர்னாண்டஸ் 87-ஆம் நிமிடத்தில் கோல் அடித்து, அடுத்த ஆட்டத்திலிருந்து நிலையான இடத்தைப் பிடித்து, தொடரின் சிறந்த இளம் வீரர் விருதையும் பெற்றார். போலந்து ஆட்டத்தில் லவுத்தாரோவின் இடத்தில் ஹூலியன் அல்வாரெஸ் தொடங்கினார். அவர் மொத்தம் 4 கோல்கள் அடித்தார். இந்த மூவரும் சவுதிக்கு எதிரான தொடக்க அணியில் இல்லாதவர்கள்.

பந்து எதிரணியிடம் இருக்கும்போது 35 வயது மெஸ்ஸி பெரும்பாலும் நடந்துகொண்டிருப்பார். அவர் நடப்பதால் ஏற்படும் குறையை மற்ற பத்துப் பேரும் ஓடி நிரப்ப வேண்டும். அல்வாரெஸ் முன்னின்று எதிரணியின் பின்வரிசையைத் துரத்துவார். ரோட்ரிகோ டி பால் வலப்பக்கம் இருவரின் ஓட்டத்தைத் தனி ஒருவராக ஓடுவார். யார் ஓடுவது, யார் ஓடாமல் சக்தியைச் சேமிப்பது என்ற ஒப்பந்தம் அந்த அணிக்குள் இருந்தது. அதை மனக்கசப்பின்றி ஏற்றுக்கொண்ட வீரர்கள் கிடைத்ததுதான் ஸ்கலோனியின் பேறு என்பேன்.

கேள்வி: ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானிடம் பந்து இருந்தது ஐந்தில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. அப்படி விளையாடி வெல்வது கால்பந்துக்கு அழகா?

பதில்: பந்தை வைத்திருப்பது ஒரு வழி, பந்தை விட்டுக்கொடுத்து இடத்தை வைத்திருப்பது இன்னொரு வழி. ஜப்பான் இரண்டாவது வழியை அறிந்தே தேர்ந்தெடுத்தது. ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய இரு அணிகளுக்கும் எதிராக முதல் பாதியில் 0-1 என்று பின்தங்கியது. இரண்டிலும் பயிற்சியாளர் மொரியாசு இடைவேளைக்குப் பிறகு மாற்று வீரர்களை இறக்கி ஆட்டத்தின் வேகத்தை மாற்றினார். இரண்டிலும் 2-1 என்று வென்றது. ஓர் ஆட்டத்தில் ஐந்து மாற்று வீரர்கள் என்ற விதியை இந்தத் தொடரில் இவ்வளவு நன்றாகப் பயன்படுத்திக்கொண்ட அணி வேறில்லை.

ஜெர்மனிக்கு எதிரான வெற்றி கோலை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 83-ஆம் நிமிடம். இட்டாகுரா தன் பாதியிலிருந்து ஃப்ரீ கிக்கை நீளமாக அடிக்கிறார். தகுமா அசானோ ஓடியபடியே, தோளுக்கு மேலாக இறங்கிவரும் பந்தை ஒரே தொடுதலில் அடக்கி, பக்கத்தில் நெருக்கும் ஷ்லோட்டர்பெக்கை உடம்பால் தடுத்துக்கொண்டே கோல்கோட்டை நெருங்குகிறார். கோணம் குறுகிக்கொண்டே வருகிறது. எதிரே மனுவேல் நோயர். நோயரின் தோளுக்கும் மேல்கம்பத்துக்கும் இடையே இருந்த சிறிய சந்து வழியாகப் பந்து வலைக்குள் போகிறது. அந்தக் கோலை அடித்த அசானோவும் அதற்கு முன் சமன் செய்த டோவானும் ஜெர்மனியின் முதன்மை லீக்கான பண்டஸ்லீகாவில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள். ஜெர்மனியை ஜெர்மனியிலேயே படித்து வந்தவர்கள் என்று சொன்னால் மிகையில்லை.

உங்கள் கேள்வியில் உள்ள வருத்தத்தில் ஒரு நியாயமும் உண்டு. இடையில் கோஸ்டா ரிக்காவிடம் ஜப்பான் 0-1 என்று தோற்றது. அன்று எதிரணி பின்வாங்கி நின்று, பந்தை ஜப்பானிடமே விட்டுவிட்டது. பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில் ஜப்பான் தடுமாறியது. ஒரே வழியில் மட்டும் தேர்ந்த அணி, எதிரி அந்த வழியை அடைத்தால் நின்றுபோகும்.

கேள்வி: ஸ்பெயினுக்கு எதிரான ஜப்பானின் இரண்டாவது கோலில் பந்து கோட்டைத் தாண்டியதைப் படத்தில் கண்ணால் பார்த்தோம். அதை எப்படிக் கோல் என்று கொடுத்தார்கள்?

பதில்: பந்து தரையைத் தொடும் இடத்தை வைத்து நீங்கள் பார்க்கிறீர்கள், விதி பந்தின் முழு உருவையும் பார்க்கச் சொல்கிறது. பந்து முழுவதும் கோடு முழுவதையும் தாண்டினால்தான் அது வெளியே போனதாகும். உருண்டையான பொருள் தரையைத் தொடும் புள்ளி கோட்டுக்கு வெளியே இருந்தாலும் அதன் விளிம்பு கோட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கலாம். ஜப்பானின் மிட்டோமா பந்தை உள்ளே தள்ளியபோது அப்படித்தான் மில்லிமீட்டர் கணக்கில் விளிம்பு உள்ளே இருந்தது. பக்கவாட்டிலிருந்து எடுத்த படங்கள் ஏமாற்றும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் ஐயமில்லை.

கேள்வி: மொராக்கோ அரையிறுதி வரை வந்ததை ஆப்பிரிக்கக் கால்பந்தின் வளர்ச்சி என்கிறார்கள். ஆனால் அணியில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அப்படியானால் இது யாருடைய வெற்றி?

பதில்: இந்தத் தொடரில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்த அணி மொராக்கோதான், ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

26 பேர் கொண்ட அணியில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள் என்பது உண்மை. அஷ்ரஃப் ஹக்கிமி மாட்ரிட்டில் பிறந்தவர். ஹக்கிம் ஸியெச்சும் சோஃபியான் அம்ராபத்தும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். கோல்கீப்பர் யாசின் பூனூ கனடாவின் மான்ட்ரியலில் பிறந்தவர். பயிற்சியாளர் வலித் ரெக்ராகியே பிரான்சில் பிறந்தவர். இவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக நாட்டைவிட்டுச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள், தங்களை வளர்த்த நாட்டுக்கு ஆடும் வாய்ப்பைவிடப் பெற்றோரின் நாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள். மறுபுறம் என்-நெசிரி, அகெர்ட், ஊனாஹி ஆகியோர் மொராக்கோவிலேயே முகமது VI கால்பந்துப் பயிற்சிக்கழகத்தில் உருவானவர்கள். ஆகவே பாதி வெளியே வளர்ந்த வேர், பாதி உள்ளே நட்ட விதை. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் அந்த அணியின் சாதனை. அதில் யாருடைய பங்கையும் கழிக்கத் தேவையில்லை.

ரெக்ராகி பொறுப்பேற்றது 2022 ஆகஸ்ட் இறுதியில். போட்டி தொடங்க மூன்று மாதம்கூட இல்லை. முந்தைய பயிற்சியாளருடன் ஏற்பட்ட பிணக்கால் தேசிய அணியை விட்டு விலகியிருந்த ஸியெச்சை அவர் திரும்ப அழைத்துவந்தார். அவர் அமைத்த ஆட்டமுறை எளிமையானது. பின்னால் நால்வர், அவர்களுக்கு முன்னால் அம்ராபத், அவருக்கு முன்னால் நால்வர், நுனியில் என்-நெசிரி. எதிரணியிடம் பந்து இருக்கும்போது இந்த வரிசைகளுக்கு இடையில் உள்ள தூரம் அதிகம் விரியாது. பந்து வலப்பக்கம் போனால் முழு அணியும் வலப்பக்கம் நகரும், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். ஸ்பெயின் அவர்களுக்கு எதிராக 120 நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை அந்தச் சுவரின் முன்னால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய் வந்தவை. சுவருக்குள் நுழைந்தவை மிகச் சில.

குரோஷியாவுடன் 0-0, பெல்ஜியத்தை 2-0, கனடாவை 2-1, ஸ்பெயினை பெனால்டி ஷூட்அவுட்டில் (ஆட்டம் சமனில் முடிந்தால் மாறி மாறிப் பெனால்டி அடித்து முடிவு காணும் முறை) 3-0, காலிறுதியில் போர்ச்சுகலை 1-0. அரையிறுதிக்கு முன் அவர்கள் விட்டுக்கொடுத்த ஒரே கோல், சொந்த வீரரின் காலில் பட்டு உள்ளே போனது. 1990-இல் கேமரூனும், 2002-இல் செனகலும், 2010-இல் கானாவும் காலிறுதியோடு நின்ற இடத்தை மொராக்கோ தாண்டியது. போர்ச்சுகலுக்கு எதிராக 42-ஆம் நிமிடத்தில் என்-நெசிரி கோல்கீப்பரின் கைகளுக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டியதைப் பார்த்தபோது, அவர் இறங்கி வருவதற்கு நேரமாகும் போலத் தோன்றியது.

பிரான்சுடனான அரையிறுதியில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அணிப் பட்டியலில் இருந்த அகெர்ட் ஆட்டம் தொடங்கும் முன்பே விலக நேர்ந்தது. காயத்தோடு இறங்கிய கேப்டன் சாயிஸ் 21-ஆம் நிமிடத்தில் வெளியேறினார். இடைவேளையில் மஸ்ராவியும் வெளியேறினார். 5-ஆம் நிமிடத்திலேயே தியோ ஹெர்னாண்டஸ் கோல் அடித்துவிட்டதால், அதுவரை பந்தை விட்டுக்கொடுத்து ஆடிய அணி முதல் முறையாகப் பந்தை வைத்துக்கொண்டு ஆட வேண்டியதாயிற்று. அவர்கள் அதையும் செய்தார்கள். முதல் பாதி முடியும் தறுவாயில் அல் யாமிக் அந்தரத்தில் பின்புறமாக அடித்த பந்து பிரான்சின் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. பின்னர், வேகத்துக்குப் பேர்போன எம்பாப்பே பந்தோடு பறந்தபோது, அம்ராபத் அவரைத் துரத்திப் பிடித்துச் சறுக்கிப் பந்தை மட்டும் சுத்தமாக எடுத்தார். 0-2 என்று தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் குரோஷியாவிடம் 1-2 என்று தோற்றார்கள். நான்காம் இடம் என்று பட்டியல் சொல்லும். அந்த அரையிறுதியின் இரண்டாம் பாதியைப் பார்த்தவர்களுக்குப் பட்டியல் போதாது.

கேள்வி: போட்டியை நடத்திய கத்தாரின் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

பதில்: ஈக்வடாரிடம் 0-2, செனகலிடம் 1-3, நெதர்லாந்திடம் 0-2. உலகக் கோப்பையை நடத்திய நாடுகளில் தன் முதல் ஆட்டத்திலேயே தோற்ற முதல் நாடு, மூன்றிலும் தோற்ற முதல் நாடு. 2019-இல் ஆசியக் கோப்பையை வென்ற அணி இது என்பதால்தான் ஏமாற்றம் அதிகம். மாதக்கணக்கில் தனியே பயிற்சி முகாமில் இருந்த அணிக்கு, கடும் போட்டி ஆட்டங்கள் கொடுக்கும் தழும்பு இல்லாமல் போயிற்று என்பது என் எண்ணம்.

கேள்வி: போலந்து தோற்றும் அடுத்த சுற்றுக்குப் போனது, உருகுவே வென்றும் வெளியேறியது. இது என்ன கணக்கு?

பதில்: புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம், அதுவும் சமமானால் அடித்த கோல்கள், பிறகு அந்த அணிகள் தமக்குள் ஆடிய ஆட்டத்தின் முடிவு, அதற்கும் பிறகு மஞ்சள், சிவப்பு அட்டைகளின் எண்ணிக்கை. இதுதான் கத்தாரில் பின்பற்றிய வரிசை. உருகுவேயும் தென்கொரியாவும் 4 புள்ளிகள் பெற்றன. இரண்டுக்கும் கோல் வித்தியாசம் 0. கொரியா அடித்தது 4, உருகுவே அடித்தது 2. கானாவை 2-0 என்று வென்றுகொண்டிருந்த உருகுவேக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் வேறொரு மைதானத்தில் தென்கொரியாவின் சோன் தன் பாதியிலிருந்து பந்தை ஓட்டிச் சென்று, சூழ்ந்து நின்ற போர்ச்சுகல் வீரர்களின் கால்களுக்கு இடையே தள்ளிவிட, ஹ்வாங் ஹீ-சான் அதைக் கோலாக்கினார். அது 90 நிமிடம் முடிந்து கூடுதலாகக் கொடுத்த நேரத்தின் முதல் நிமிடம். இன்னும் ஒரு கோல் அடித்தால் போதும் என்ற நிலையில் உருகுவேயால் அதை அடிக்க முடியவில்லை.

போலந்தின் கதை இன்னும் நெருக்கடியானது. அர்ஜென்டினாவிடம் 0-2 என்று அது பின்தங்கியிருந்த அதே வேளையில் மெக்சிகோ சவுதியை 2-0 என்று முந்தியிருந்தது. புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், தமக்குள் ஆடிய ஆட்டம் எல்லாம் சமம். மஞ்சள் அட்டைகள் குறைவு என்பதால் மட்டுமே போலந்து முன்னிலையில் நின்றது. 2018-இல் செனகலை முந்தி ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனதும் இதே விதியால்தான். கடைசி நிமிடங்களில் போலந்து வீரர்கள் எதிரணியைத் தொடவே அஞ்சியது அதனால். இறுதியில் சவுதியின் அல் தவ்சரி ஒரு கோல் அடிக்க, மெக்சிகோவின் கணக்கு முடிந்தது.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளாக பிரேசில் ரசிகன். குரோஷியாவிடம் தோற்ற அன்று இரவு உறங்கவில்லை. 39 லட்சம் மக்கள் கொண்ட நாடு எங்களை எப்படி வெல்கிறது?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஐயா. 2002-இல் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை வென்றதோடு சரி. அதன்பின் 2022 வரை, தோற்றால் வெளியேறும் நாக் அவுட் சுற்றில் பிரேசில் ஐரோப்பிய அணி எதையும் வென்றதில்லை. 2006-இல் பிரான்ஸ், 2010-இல் நெதர்லாந்து, 2014-இல் ஜெர்மனி, 2018-இல் பெல்ஜியம், 2022-இல் குரோஷியா. ஐந்து முறை நடந்ததை ஓர் இரவின் துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது.

அந்த ஆட்டத்தில் கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியும்போது நெய்மார் அடித்த கோல் அற்புதமானது; இரண்டு முறை பந்தைக் கொடுத்து வாங்கி, கோல்கீப்பர் லிவாகோவிச்சையும் கடந்து அடித்தார். மீதி இருந்தது பதினைந்து நிமிடம். அப்போது ஒரு கோல் முன்னிலையைப் பூட்டிவைக்க வேண்டிய அணி, இரண்டாவது கோலுக்காகத் தொடர்ந்து முன்னே சென்றது. 117-ஆம் நிமிடத்தில் அவர்கள் முன்களத்தில் பந்தை இழந்தபோது திரும்பி ஓட ஆட்கள் போதவில்லை. இடப்பக்கம் ஓடிய குரோஷியாவின் ஓர்ஷிச் கொடுத்த பந்தை பெட்கோவிச் அடிக்க, அது மார்க்கினோஸின் மேல் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. அந்த ஆட்டம் முழுவதிலும் கோலை நோக்கிச் சரியாகப் போன குரோஷியாவின் ஒரே பந்து அதுதான்.

ஷூட்அவுட்டில் ரோட்ரிகோவின் பந்து தடுக்கப்பட்டது, மார்க்கினோஸின் பந்து கம்பத்தில் பட்டது. ஐந்தாவதாக அடிக்க வைத்திருந்த நெய்மாருக்கு முறையே வரவில்லை. சிறந்தவரைக் கடைசிக்கு வைக்கும் வழக்கத்தை அணிகள் இனியாவது கைவிட வேண்டும்.

குரோஷியாவைப் பற்றி ஒரு சொல். 37 வயது மோட்ரிச், புரோசோவிச், கோவாசிச் என்ற மூவர் நடுக்களத்தில் பந்தை எளிதில் இழப்பதில்லை. எதிரணி அவசரப்படும்போது அவர்கள் அவசரப்படுவதில்லை. 1998-இல் மூன்றாம் இடம், 2018-இல் இரண்டாம் இடம், 2022-இல் மீண்டும் மூன்றாம் இடம். மக்கள்தொகையை வைத்து அணியை அளக்கலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேள்வி: பெனால்டி ஷூட்அவுட் என்பது குலுக்கல் சீட்டுத்தானே? பயிற்சியால் என்ன பயன்?

பதில்: கத்தாரில் ஐந்து ஆட்டங்கள் ஷூட்அவுட்டில் முடிந்தன. அவற்றில் இரண்டை குரோஷியாவும் இரண்டை அர்ஜென்டினாவும் வென்றன. குலுக்கல் என்றால் ஒரே கோல்கீப்பர்களுக்கு மீண்டும் மீண்டும் சீட்டு விழுவதில்லை.

ஆனால் பயிற்சி மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. ஸ்பெயினின் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே, தன் வீரர்கள் போட்டிக்கு வரும் முன் ஆயிரம் பெனால்டிகளாவது அடித்துப் பழக வேண்டும் என்று சொல்லியிருந்தார். மொராக்கோவுக்கு எதிராக சராபியாவின் பந்து கம்பத்தில் பட்டது; சோலர், புஸ்கெட்ஸ் இருவரின் பந்துகளையும் பூனூ தடுத்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இரண்டு மணி நேரம் சுவரில் முட்டிய களைப்பும், நடுவட்டத்திலிருந்து தனியே நடந்து வரும் அந்தத் தூரமும் பயிற்சி மைதானத்தில் கிடைக்காதவை. பிறகு ஹக்கிமி வந்தார். தான் பிறந்த நாட்டுக்கு எதிராக, வெற்றியைத் தீர்மானிக்கும் பந்தை, பாய்ந்து விழும் கோல்கீப்பர் இருந்த நடுவிடத்துக்கே மெல்லத் தூக்கிப் போட்டார். அந்த அமைதியை எந்தப் பயிற்சியாளர் கற்றுத்தர முடியும்?

கேள்வி: இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில் கோலோ முவானி அந்த வாய்ப்பைத் தவறவிடாமல் இருந்திருந்தால் கோப்பை பிரான்சுக்குத்தான். இவ்வளவு பெரிய தவறை ஒரு ரசிகன் எப்படி மன்னிப்பது?

பதில்: முதலில் அந்த ஆட்டத்தின் முழுக் கணக்கையும் பார்ப்போம். மெஸ்ஸியின் பெனால்டியாலும் டி மரியாவின் கோலாலும் 36 நிமிடத்துக்குள் பிரான்ஸ் 0-2 என்று பின்தங்கியது. பயிற்சியாளர் டெஷாம்ப்ஸ் 41-ஆம் நிமிடத்திலேயே ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுக்கும் அளவுக்கு அணி செயலிழந்திருந்தது. அப்போது உள்ளே வந்த இருவரில் ஒருவர் கோலோ முவானி. 80-ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினாவின் ஓட்டமெண்டியை முந்தி ஓடி, பிரான்சுக்குப் பெனால்டி பெற்றுத் தந்தவர் அவர். எம்பாப்பே அதை அடித்து, அடுத்த நிமிடமே இன்னொரு கோலும் அடித்துச் சமன் செய்தார். 108-இல் மெஸ்ஸி, 118-இல் மீண்டும் எம்பாப்பே. 3-3. கோலோ முவானி இல்லையென்றால் நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி நிமிடமே பிரான்சுக்கு இல்லை.

இனி அந்த நிமிடம். 120 நிமிடமும் முடிந்து, நடுவர் கூட்டித் தந்த நேரமும் தீரப்போகும்போது, நீளமாக வந்த பந்து துள்ளி அவர் முன் விழுகிறது. அவர் தாமதிக்காமல், தாழ்வாக, பலமாக அடிக்கிறார். அடித்த விதத்தில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எமிலியானோ மார்ட்டினெஸ் கையை நம்பாமல், முன்னே வந்து கைகால்களை அகல விரித்து உடம்பைப் பெரிதாக்கிக்கொண்டு, இடக்காலை நீட்டுகிறார். பந்து அந்தக் காலில் படுகிறது. ஒருவர் தவறவிட்டார் என்று சொல்வதைவிட, இன்னொருவர் தடுத்தார் என்று சொல்வதே நடந்ததற்குப் பொருத்தம்.

ஷூட்அவுட்டில் பிரான்சின் கோமனின் பந்து தடுக்கப்பட்டது, சூவாமெனியின் பந்து வெளியே போனது. அதன்பின் இவ்விருவரையும் நிறத்தைச் சொல்லி இணையத்தில் இழிவாக எழுதியவர்கள் பலர். தோல்வியின் வலி எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வீரனின் ஆட்டத்தை விமர்சிப்பதற்கும் அவன் பிறப்பை இழிவுபடுத்துவதற்கும் இடையே எந்த உறவும் கிடையாது. அப்படி எழுதியவர்களை ரசிகர்கள் என்று அழைக்க நான் உடன்படமாட்டேன்.

இரண்டு பேர் தவறவிட்டபின் பிரான்சின் நான்காவது பந்தை அடிக்க வந்தவர் யார் என்பது உங்கள் நினைவில் இருக்கிறதா? அந்தப் பந்து தவறினால் அந்தக் கணமே கோப்பை போய்விடும். சற்று முன்புதான் வாழ்நாளின் மிகப்பெரிய வாய்ப்பு அவர் கண்ணெதிரே ஒரு காலில் பட்டுப் போயிருந்தது. எதிரே நின்றவரும் அதே மார்ட்டினெஸ். கோலோ முவானி நடந்து வந்து, பந்தை வைத்து, கோல் அடித்துவிட்டுத் திரும்பினார்.